ரேடியேட்டருக்குப் பணம் அனுப்பும் முன்

வெளிநாட்டில் இருக்கும் நம்மாட்களுக்கு ஊரிலிருந்து வரும் போன்களில் இது ஒரு வகை. "மக்கா, வண்டி சூடாவுது. ஒர்க்‌ஷாப்புல ரேடியேட்டர மாத்தணும்னு சொல்லுகான்." நாமும் 'சரி, மாத்துங்க' என்று பணம் அனுப்பிவிடுகிறோம். அடுத்த மாதம் தெர்மோஸ்டாட். அதற்கடுத்து வாட்டர் பம்ப். வண்டி மட்டும் பழையபடி சூடாகிக்கொண்டே இருக்கும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'எதை மாத்தணும்?' என்று கேட்பதற்கு முன்னால் 'எப்போ சூடாவுது?' என்று கேளுங்கள். நான் பி.காம். படித்த வங்கிக்காரன், மெக்கானிக் இல்லை. ஆனால் கணக்கைப் பார்க்காமல் கடன் கொடுக்கக் கூடாது என்று தெரியும். இதுவும் அதே சங்கதிதான்.

பாறசாலை, நெய்யாற்றின்கரைக்காரர்களுக்கு இதைக் கண்டுபிடிக்க நம்ம ஊர் ரோடுகளே போதும்.

களியக்காவிளையிலிருந்து உதியன்குளங்கரை, அமரவிளை வழியாக நெரிசலில் ஊர்ந்து போகும்போது முள் ஏறுகிறது. அதே வண்டி காரோட்டில் பைபாஸ் ஏறி கழக்கூட்டம் நோக்கி ஓடும்போது ஒழுங்காக இருக்கிறது. அப்படியானால் குறை பெரும்பாலும் காற்றில்தான். விசிறியைப் பாருங்கள். மின்விசிறி என்றால் மோட்டார், ரிலே, ஃப்யூஸ். எஞ்சினோடு சுற்றும் விசிறி என்றால் நடுவில் சிலிகோன் எண்ணெய் நிரப்பிய விஸ்கஸ் கப்ளிங் இருக்கும். அது தளர்ந்துபோனால் விசிறி சுற்றும், காற்றை இழுக்காது. ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் அடைந்திருக்கும் தூசியையும் பார்க்கச் சொல்லுங்கள்.

சமதரையில் ஒன்றுமில்லை, எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு பொன்முடியின் 22 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போதுதான் சூடாகிறதா? அப்போது ரேடியேட்டருக்குள் அடைப்பு, கூலன்ட் குறைவு, முழுதாகத் திறக்காத தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் என்று தேட வேண்டும்.

காலையில் ஸ்டார்ட் செய்த சில நிமிடத்திலேயே ஹோஸ் கல்லு மாதிரி ஆகிறது, ஒழுகாமலே கூலன்ட் குறைகிறது என்றால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்பட வேண்டும். அந்த வண்டியை ஓட்டவே கூடாது.

எல்லாவற்றுக்கும் முன்னால் ரேடியேட்டர் மூடியைச் சோதியுங்கள். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட், நல்ல மூடி தரும் அழுத்தத்தில் சுமார் 129 டிகிரி வரை கொதிக்காது. மூடி லூசானால் 107, 108லேயே கொதித்துவிடும். சில நூறு ரூபாய் சாமான்!

இனி கியர்பாக்ஸ். ஆட்டோமேட்டிக் எஸ்யூவிகள் பலவற்றில் கியர் ஆயிலைக் குளிர்விக்கும் கூலர், ரேடியேட்டருக்கு உள்ளேயே இருக்கிறது. அதனால் ஒன்றின் சூடு மற்றதற்குப் போகும். ஏற்றத்தில் 'டி'யில் போட்டு மெதுவாக ஊர்ந்தால் டார்க் கன்வெர்ட்டர் வழுக்கி, டீசலை வெறும் சூடாக மாற்றும். மேனுவல் மோடில் முதல் அல்லது இரண்டாம் கியரில் ஏறுவது நல்லது.

அந்த உள் கூலர் வெடித்தால் என்ன ஆகும் என்பதற்கு நிசான் பாத்ஃபைண்டர் உதாரணம். 2005 முதல் 2010 வரையிலான மாடல்களில் கூலன்ட் கியர் ஆயிலோடு கலந்து கியர்பாக்ஸே போனது. அமெரிக்காவில் வழக்கு வரை போய், ரேடியேட்டருக்கு வாரண்டியை நீட்டினார்கள். ரிசர்வாயரில் ரோஸ் மில்க் மாதிரி தெரிந்தால் ஒரு கிலோமீட்டர் கூட ஓட்டாதீர்கள். கியர்பாக்ஸ் கிளட்ச் பிளேட்டுகளின் பசை கூலன்ட் பட்டால் கழன்றுவிடும்.

நம் வண்டிகளின் தலையெழுத்து தனி. பதினோரு மாதம் ஷெட்டில் தூக்கம், லீவுக்கு நாம் போனதும் ஒரு மாதம் முழு லோடு :-) 'ஓடவே இல்லையே' என்று கூலன்ட் மாற்றாமல் விடுகிறோம். கூலன்டுக்குக் கிலோமீட்டர் மட்டுமல்ல, வயசும் கணக்கு. குறைந்தபோதெல்லாம் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினால் உள்ளே துருவும் படிவும்தான் மிச்சம். கியர் ஆயிலுக்கு 'லைஃப்டைம்' என்று சொன்னாலும் நம்பாதீர்கள். அதிகச் சூடு பட்ட ஆயில் சீக்கிரமே கெட்டுப்போகும்.

வழியில் முள் ஏறத் தொடங்கினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுதாக வைத்து, ஓரங்கட்டுங்கள். சிவப்பைத் தொட்டால் எஞ்சினை அணைத்துவிடுங்கள். சூட்டோடு மூடியைத் திறக்கவே கூடாது. 'மார்த்தாண்டம் வரைக்கும் போயிரலாம்' என்பதுதான் இந்த விஷயத்தில் அதிகச் செலவு வைக்கும் வாக்கியம். கூலன்ட் முழுதும் வெளியேறிவிட்டால் சென்சார் வெறும் ஆவியில் நிற்கும், முள் இறங்கினாலும் இறங்கும். அதைப் பார்த்து வண்டி ஆறிவிட்டது என்று நினைத்தவர்கள் எஞ்சினையே இழந்திருக்கிறார்கள்.

அடுத்த லீவில் ஒரு சின்ன நோட்டை வாங்கி டாஷ்போர்டில் போடுங்கள். எங்கே சூடானது, எந்த வேகம், ஏசி ஓடியதா, கூலன்ட் எவ்வளவு இருந்தது என்று நாலு வரி எழுதச் சொல்லுங்கள். ஒர்க்‌ஷாப்காரரிடம் அந்த நோட்டைக் காட்டினால் நல்ல மெக்கானிக் சந்தோஷப்படுவார். அதைத் திறந்தே பார்க்காமல் ரேடியேட்டர் விலை சொல்பவரிடமிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம்.