'இல்லை' என்று சொல்லத் தெரிந்த கருவி

"புரிந்ததா?" என்று ஆசிரியை கேட்கிறார். "புரிந்தது, டீச்சர்!" என்று வகுப்பே ஒரே குரலில் முழங்குகிறது. தேர்வுத்தாளைத் திருத்தும்போதுதான் உண்மை வெளியாகிறது. அன்பு மாணவியரே, இக்குறையைப் பற்றிச் சிந்திக்கையில், தொழிற்சாலையில் பணிபுரியும் ஒரு சிறு கருவி என் நினைவுக்கு வருகிறது.

கணிப்பொறிக்கும் கைபேசிக்கும் உயிராக விளங்கும் சில்லுகள், 'வேஃபர்' எனப்படும் வட்டமான சிலிக்கான் தகட்டின் மீது உருவாகின்றன. இன்றைய பெரிய ஆலைகளில் இத்தகட்டின் விட்டம் 300 மில்லிமீட்டர், கனமோ 0.775 மில்லிமீட்டர்தான்! கீழே விழுந்தால் அப்பளம்போல் நொறுங்கிவிடும். அதனோடு நூற்றுக்கணக்கான சில்லுகளும் பாழாகும். ஆகவே இயந்திரக் கையே அதை எடுத்து வைக்கிறது.

அக்கையின் நுனியில் சிறு துளைகள் உண்டு. அவற்றின் வழியே பம்பு காற்றை உறிஞ்சுகிறது. தகடு துளைகளை மூடியதும் குழாயினுள் அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்று தகட்டைக் கையோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கிறது. 1 சதுர சென்டிமீட்டர் பரப்பை வெளிக்காற்று சுமார் 1 கிலோகிராம் எடைக்குச் சமமாக அழுத்துகிறது என்று பௌதிகத்தில் படித்திருக்கிறோம் அன்றோ? 130 கிராமுக்கும் குறைவான தகட்டைப் பிடிக்க அதில் ஒரு பங்கே போதும்.

தகடு பிடிபட்டதை இயந்திரம் எவ்வாறு அறியும்? அங்குதான் வெற்றிட உணர்கருவி வருகிறது. அதனுள்ளே மெல்லிய சிலிக்கான் சவ்வு ஒன்று உள்ளது. அழுத்தம் மாறினால் சவ்வு வளையும். வளைந்தால் அதன் மின்தடை மாறும். சிலிக்கானின் இப்பண்பை 1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஆய்வு செய்த சார்லஸ் ஸ்மித் வெளியிட்டார். அழுத்தம் குறித்த அளவுக்குக் கீழே இறங்கினால் கருவி 'ஆம்' என்கிறது. தகடு இல்லாவிட்டாலும், கோணலாக அமர்ந்தாலும், காற்று உள்ளே புகுந்துவிடும். கருவி 'இல்லை' என்கிறது. உடனே கை அசையாமல் நின்றுவிடுகிறது.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. துளையைத் தூசி அடைத்துக்கொண்டால், தகடே இல்லாதபோதும் கருவி 'ஆம்' என்றுவிடும். எனவே வெறுங்கையாக இருக்கும்போதே பம்பை இயக்கி, 'இல்லை' என்கிறதா என்று சோதித்துக்கொள்வது நல்ல முறை. எப்போதும் 'ஆம்' என்னும் கருவியால் யாருக்கு என்ன பயன்?

வகுப்பறைக்கும் இது பொருந்தும் என்பதே என் கருத்து. 'புரியவில்லை' என்று சொல்ல அஞ்சும் மாணவியின் 'புரிந்தது' என்ற சொல்லுக்கு மதிப்பில்லை. ஆனால் குற்றம் அவளுடையது மட்டுமன்று. 'இல்லை' என்றால் ஏச்சு விழும் வீட்டிலும், நகைப்பு எழும் வகுப்பிலும் வேறு என்ன விடை கிடைக்கும்? ஒவ்வொரு பெண்ணுக்காகவும் நின்றால் பாடம் முடியுமா என்று சிலர் கேட்கலாம். கோடிக்கணக்கான பணம் புரளும் ஆலையே ஒரு தகட்டுக்காக நிற்கிறது! நம் பிள்ளைகள் அதனினும் மலிவானவர்களா?

பெற்றோரே, அருட்சகோதரியரே, ஆசிரியைகளே! 'இல்லை' என்னும் விடையைச் சினமின்றிக் கேட்கப் பழகுவோம். மாணவியரே, நாளை வகுப்பில் புரியாதபோது துணிந்து கையை உயர்த்துங்கள். அன்றே உங்கள் 'ஆம்' உண்மையான 'ஆம்' ஆகும்.