மலைக்கு விமானம் யாருக்காக?

மலைநாட்டுக்கு விமானம் வேண்டும் என்ற பேச்சு நம் நாட்டிற் புதியதன்று. கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் உள்நாட்டு விமான நிலையம் அமைப்பது பற்றிப் பல அரசாங்கங்கள் பேசியுள்ளன. ஒவ்வொரு தடவையும் சொல்லப்படும் நியாயம் ஒன்றே. உல்லாசப் பயணிகள் வருவர், பணம் பெருகும், பெருகிய பணம் மேலிருந்து வழிந்து தோட்டத்து லயம் வரை வந்து சேரும் என்பர். நாளை இதே பேச்சு இரத்தினபுரிக்கும் கேகாலைக்கும் வரலாம். அதனை இன்றே எதிர்த்துரைப்பது நம் கடமையாகும். விஞ்ஞானத்தை நாம் வெறுப்பவரல்லர். அதன் பயன் எவர் வாசலில் இறங்குகிறது என்று கேட்கும் உரிமை உழைக்கும் மக்களுக்கு உண்டு என்பதே நம் வாதம்.

சிவனொளிபாதமலையின் மறுபுறத்தில் காசல்ரீ நீர்த்தேக்கம் இருக்கிறது. 1965இல் கட்டி முடிக்கப்பட்ட அதன் அணை விமலசுரேந்திர மின் நிலையத்துக்கு நீர் தருகிறது. 2010களில் அந்த நீர்ப்பரப்பில் மிதவை விமானங்கள் வந்து இறங்கின. தரைவழியே பல மணி நேரம் பிடிக்கும் மலைப் பயணத்தை, எட்டுப் பேர் அமரும் செஸ்னா விமானம் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடும். அதிலிருந்து இறங்கியவர் யார்? ஒரு காலத்தில் வெள்ளைத் துரைமார் வாழ்ந்து, இப்போது சொகுசு விடுதிகளாகிவிட்ட பங்களாக்களின் விருந்தினர். கரையில் கொழுந்து கொய்த பெண் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்தாள். ஆயிரம் ரூபாய் நாட்கூலிக்காக அவள் ஆண்டுக்கணக்கிற் போராட வேண்டியிருந்தது. அது கைக்கு வந்தது 2021இல். அவள் விமானத்தில் ஏறலாகாது என்று எவரும் சட்டம் எழுதவில்லை. அந்த வேலையைக் கூலியே செய்துவிடுகிறது.

சப்ரகமுவாவின் வரலாறும் இதையே உரைக்கிறது. களனிவெளிப் புகைவண்டிப் பாதை 1912இல் இரத்தினபுரியை எட்டிற்று. 1919இல் ஓப்பநாயக்க வரை நீண்டது. தேயிலையும் ரப்பரும் கொழும்புத் துறைமுகம் சேர வேண்டும் என்பதே அப்பாதையை இட்டவர்களின் நோக்கம். ஆயினும் மூன்றாம் வகுப்புப் பெட்டியில் தொழிலாளியும் ஏறினான். பள்ளிப் பிள்ளையும் ஏறினான். 1970களில் அப்பாதை மூடப்பட்டது. இன்று வண்டி அவிசாவளையோடு நின்றுவிடுகிறது. இரத்தினபுரி மாவட்டத்தில் ஓடும் புகைவண்டி ஒன்றுகூட இல்லை. ஏழைகள் ஏறிய வண்டியை நிறுத்திய நாட்டில், செல்வர் ஏறும் விமானத்தை முன்னேற்றம் என்று கொண்டாடச் சொல்வது எந்த நியாயம்?

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். அனர்த்தம் வந்தால் விமானமன்றோ கைகொடுக்கும் என்பார்கள். ஆராய வேண்டிய மறுப்புத்தான். 2016 மே 17ஆம் நாள் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் மலை சரிந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டும் காணாமலும் போயினர். அதே நாளில் புளத்கொஹுபிட்டிய, களுபஹன தோட்டத்துக் குடியிருப்பையும் மண் மூடிற்று. 2025 நவம்பரில் வந்த டிட்வா புயல் நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. மலைப் பாதைகள் துண்டிக்கப்பட்டன. அந்நாட்களில் வானிலிருந்து வந்து கைகொடுத்தவை ஹெலிகொப்டர்கள். அவற்றுக்கு நீண்ட ஓடுபாதை வேண்டியதில்லை. ஒரு பாடசாலை மைதானம் போதும்.

மலையிற் பறக்கும் சிறு விமானம் பெரும்பாலும் விமானியின் கண்ணை நம்பியே பறக்கிறது. தென்மேற்குப் பருவமழை பெய்து மண் இளகும் நாட்களில்தான் முகில் இறங்கிப் பள்ளத்தாக்கை மறைக்கிறது. ஆகவே மக்களுக்கு மிகவும் தேவைப்படும் நாளிலேயே மலை விமானத்தளம் மூடிக் கிடக்கும். மேலும், மண்சரிவில் உயிர் காப்பது முன்னரே செய்ய வேண்டிய வேலை. 2014 அக்டோபர் 29இல் மண்ணிற் புதைந்த மீரியபெத்தைக்கு 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடப்பட்டிருந்தது. அம்மக்களைக் காக்க விமானம் வேண்டியிருக்கவில்லை. வேறிடத்தில் சிறு துண்டு நிலம் வேண்டியிருந்தது. அது கொடுக்கப்படவில்லை.

வானூர்தி மக்களுக்குத் தொண்டு செய்த இடங்களும் உலகில் உண்டு. அவுஸ்திரேலியாவின் உட்புறத்தில் 1928இல் தொடங்கிய பறக்கும் மருத்துவர் சேவை, பண்ணையில் நோயுற்றுக் கிடந்தவனிடம் மருத்துவரையே கொண்டு சேர்த்தது. நேபாளத்தின் லுக்லாவில் எட்மண்ட் ஹிலாரியும் ஷெர்ப்பாக்களும் 1964இல் ஒரு விமானத்தளம் அமைத்தனர். பள்ளிகளும் மருத்துவமனையும் கட்டப் பொருள் கொண்டுவருவதே அதன் முதல் நோக்கம். இன்று அது எவரெஸ்ட் காண வருவோரின் வாசலாகிவிட்டது உண்மையே. ஆனால் அங்கே பள்ளியும் மருத்துவமனையும் முதலில் நினைக்கப்பட்டன. நம் நாட்டிலோ பயணியின் வசதி முதலில் நினைக்கப்படுகிறது. பள்ளியும் மருத்துவமனையும் பின்னர் வரும் என்று வாக்களிக்கப்படுகின்றன.

சப்ரகமுவாவின் தோட்டத் தமிழர் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறி வாழும் மக்கள். 1977இலும் 1981இலும் நிகழ்ந்த வன்செயல்களில் அவர்களுட் பலர் உடைமை இழந்து வெளியேறினர். எஞ்சியோரின் குரல் திட்டம் தீட்டும் மேசைக்கு எட்டுவதில்லை. 2016இல் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் பரவிய 1990 அம்புலன்ஸ் சேவை நல்லதொரு சேவை. ஆனால் நல்ல பாதை முடியுமிடத்தில் அதுவும் நின்றுவிடுகிறது. அதற்கப்பால் தோட்டத்து லொறி. அதுவும் இல்லையேல் நாலு பேரின் தோள். பிரசவ வேதனையில் துடிப்பவளுக்கு அந்த இரண்டு மைல்தான் உலகத்திலேயே நீண்ட பயணம். அயற்கிராமத்துச் சிங்கள விவசாயியின் மனைவியும் அதே குழிவிழுந்த பாதையில்தான் போகிறாள். ஆகவே இது ஓரினத்தின் கோரிக்கை அன்று.

நாம் கேட்பவை நான்கு. லயத்து வாசல் வரை அம்புலன்ஸ் வரத்தக்க பாதையும் பாலமும் வேண்டும். மண்சரிவு அபாயத்தில் வாழ்வோர்க்குப் பாதுகாப்பான நிலம், உறுதிப் பத்திரத்தோடு, வேண்டும். தோட்டப் பாடசாலை மைதானங்கள் செப்பனிடப்பட்டு ஹெலிகொப்டர் இறங்க ஏற்றவையாக்கப்பட வேண்டும். அவிசாவளையோடு நின்ற புகைவண்டி மீண்டும் இரத்தினபுரி செல்ல வேண்டும். இவை நிறைவேறிய பின் விமானத்தளம் பற்றிப் பேசுவோம், அப்போது மறுக்கமாட்டோம்.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! உங்கள் பகுதியில் ஒவ்வொரு லயத்திலிருந்தும் அரச வைத்தியசாலைக்கு எத்தனை மைல், மழைக்காலத்தில் எத்தனை மணி நேரம் என்று கணக்கெடுங்கள். தமிழ்ப் பிள்ளையும் சிங்களப் பிள்ளையும் சேர்ந்தே எடுக்கட்டும். அக்கணக்கைப் பிரதேச செயலாளரின் மேசையில் வையுங்கள். விமானத் திட்டத்தோடு எவரேனும் உங்கள் ஊருக்கு வந்தால் அவர் முன்னும் அதை விரித்து, இந்தத் தூரத்தில் எத்தனை மைலை உங்கள் திட்டம் குறைக்கும் என்று கேளுங்கள்.