பதின்மூன்றையும் வாசியுங்கள்

மேற்கத்திய செவ்வியல் இசை பக்கமே போகாதவர்கள்கூட ராபர்ட் ஷூமனின் ‘ட்ராய்மெராய்’ மெட்டை எங்காவது கேட்டிருப்பார்கள். தூக்கத்துக்கான இசைத் தொகுப்புகளில் வரும். பழைய ஹாலிவுட் படங்களில் வரும். வோல்கோகிராதில் ஸ்டாலின்கிராத் போரில் மாண்டவர்களின் நினைவு மண்டபத்தில் ஒலித்துக்கொண்டே இருக்கும். பகல் கனவைப் பேசும் இந்தச் சின்னஞ்சிறு பியானோ இசை தனியாகப் பிறந்ததல்ல. ‘கிண்டர்ஸேனன்’ என்ற பிள்ளைப் பருவக் காட்சிகளின் வரிசையில் அது ஏழாவது. முன்னால் ஆறு, பின்னால் ஆறு இருக்கின்றன. அந்தப் பன்னிரண்டையும் கழற்றிவிட்டு ஏழாவதை மட்டும் எடுத்துக்கொள்ளும் பழக்கம் இந்தப் படைப்புக்குச் செய்யும் அநியாயம்.

1838ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லைப்சிக் நகரில் ஷூமன் இதை எழுதினார். அப்போது அவருக்கு வயது 27. அவர் மணக்க விரும்பிய கிளாரா வீக்குக்கு 18. கிளாரா அப்போது கச்சேரிகளுக்காக வியன்னா போயிருந்தார். கிளாராவின் தந்தையும் ஷூமனின் பியானோ ஆசிரியருமான ஃப்ரீட்ரிஷ் வீக் இந்தக் காதலை அடியோடு எதிர்த்தார். சில சமயம் நீங்கள் எனக்குக் குழந்தை போலத் தோன்றுகிறீர்கள் என்று கிளாரா முன்பு எழுதியிருந்தார். அதன் எதிரொலிபோலச் சுமார் முப்பது குட்டித் துண்டுகளை எழுதி, அவற்றில் ஒரு டஜனைத் தேர்ந்தெடுத்திருப்பதாக ஷூமன் மார்ச் மாதக் கடிதத்தில் சொல்கிறார். மறு ஆண்டு அச்சில் வந்தபோது அவை பதின்மூன்று.

கிளாராவின் பிள்ளைப் பருவம் பெரும்பாலும் பியானோ முன்னால்தான் கழிந்தது. ஒன்பது வயதிலேயே லைப்சிக்கின் கெவாண்ட்ஹவுஸ் மேடை ஏறியவர் அவர். ஷூமன் வீக் வீட்டில் தங்கிப் படித்த நாட்களில் கிளாராவுக்கும் அவர் தம்பிகளுக்கும் பேய்க் கதைகள் சொல்லி மிரட்டுவார். பதினோராவது துண்டின் பெயரே பயமுறுத்தல் என்பதுதான். சாதுவாக நடந்துகொண்டிருக்கும் மெட்டு சட்டென்று விரைந்து பதுங்கி, மறுபடி ஒன்றுமே நடக்காததுபோலத் திரும்பிவிடுகிறது. கதை சொல்லியின் குறும்பு அதில் அப்படியே இருக்கிறது.

பெயரில் பிள்ளைகள் இருப்பதால் இதைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுகிறார்கள். முதல் துண்டு மாணவர்களின் பாடப் புத்தகங்களில் நிரந்தரமாக இடம்பிடித்துவிட்டது. விரல் கணக்கில் பார்த்தால் அது எளிதுதான். அவர்கள் வாசிப்பதில் தவறும் இல்லை. ஆனால் ஷூமனின் எண்ணம் வேறு. இது வயது வந்த ஒருவர் வயது வந்தவர்களுக்காகத் திரும்பிப் பார்ப்பது என்று அவரே பின்னாளில் இசையமைப்பாளர் கார்ல் ரைனெக்கேவுக்கு எழுதினார். 1848இல் தன் மகள்களுக்காக அவர் எழுதிய ‘இளையோர் தொகுப்பு’ தனி நூல். அதில் 43 துண்டுகள். அழும் குழந்தையை எதிரே நிறுத்தி ஸ்வரம் தேடியதுபோல விமர்சகர் ரெல்ஷ்டாப் எழுதியபோது ஷூமனுக்குக் கோபம் வந்தது. தலைப்புகள் பிறகு வைத்தவை, வாசிப்பவருக்கு ஒரு கைகாட்டி மட்டுமே என்று நண்பர் ஒருவரிடம் சொன்னார். பியானோ மேதை லிஸ்ட் இதைச் சரியாகவே புரிந்துகொண்டார். மூன்று வயது மகளுக்கு வாரம் இரண்டு மூன்று மாலைகள் இதை வாசித்துக் காட்டுவதாகவும், மகளைவிடத் தனக்கே மகிழ்ச்சி அதிகம் என்றும் 1839இல் ஷூமனுக்கு எழுதினார்.

முழுதாக வாசிக்க வேண்டும் என்பதற்கு வலுவான சான்று இசைக்குள்ளேயே இருக்கிறது. முதல் துண்டு ஒரு தாவலோடு தொடங்குகிறது. நம் ஸ்வரத்தில் சொன்னால் காந்தாரத்திலிருந்து மேல் ஷட்ஜத்துக்கு எழும்பி, அங்கிருந்து நி, த, ப என்று படிப்படியாக இறங்கும். இந்த ஐந்து ஸ்வரங்கள் உருமாறி வேறு துண்டுகளிலும் தலைகாட்டுகின்றன. நான்காவது துண்டில் ஒரு குழந்தை எதையோ கெஞ்சிக் கேட்கிறது. அது முடிகிற இடத்தில் இசை வந்து அமர்வதில்லை. பதில் வராத கேள்வியாக அந்தரத்தில் நிற்கிறது. மனம் நிறைந்த மகிழ்ச்சி என்று பொருள்படும் ஐந்தாவது துண்டு தொடங்கும்போதுதான் பதில் கிடைக்கிறது. பன்னிரண்டாவதில் குழந்தை உறங்கப் போகிறது. அந்த மெட்டும் தன் வீட்டு ஸ்வரத்துக்குத் திரும்பாமல் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. அதன் பிறகுதான் கடைசித் துண்டில் கவிஞர் பேச வருகிறார். நடுவில் தாளக் கட்டை அவிழ்த்துவிட்டு, தனிக்குரலில் தயங்கித் தயங்கிப் பேசுகிறார். இத்தனை நேரம் நினைத்துக்கொண்டிருந்த பெரியவர் இவர்தான். இடைவெளி விட்டு வாசித்தாலே இந்த இணைப்புகள் நைந்துபோகும். ஒன்றை மட்டும் உருவி எடுத்தால் எதுவுமே மிஞ்சாது.

உருவி எடுத்ததால் ட்ராய்மெராய்க்கு இன்னொரு கேடும் நேர்ந்தது: அது இழுபட்டுப்போனது. ஷூமனின் முதல் பதிப்பில் இருக்கும் வேகக் குறியீடு நிமிடத்துக்கு 100 அடி. அந்தக் கணக்கில் மீண்டும் வாசிக்கும் பகுதியையும் சேர்த்து ஒன்றேகால் நிமிடத்தில் முடிந்துவிடும். வேகத்தை அளக்கும் அவருடைய மெட்ரோனோம் கருவி பழுதானது என்ற பேச்சு நெடுங்காலம் இருந்தது. ஆனால் கிளாரா பின்னாளில் வெளியிட்ட பதிப்பிலும் 80 என்றுதான் இருக்கிறது. இன்று பலர் இரண்டரை, மூன்று நிமிடம் வரை எடுத்துக்கொள்கிறார்கள். நூறில் அப்படியே வாசித்தே தீர வேண்டும் என்றில்லை. சற்று நகர்த்தி வாசித்தால் போதும். மெட்டு ஒவ்வொரு முறையும் ஏறி, கடைசி முறை உச்சியில் புதிய கூட்டொலியோடு ஒரு கணம் நிற்கிறது. முன்னால் ஓட்டம் இருந்தால்தானே அந்த நிறுத்தம் காதில் விழும்?

1986 ஏப்ரலில், அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு மாஸ்கோ திரும்பிய பியானோ கலைஞர் விளாதிமிர் ஹோரோவிட்ஸ், கச்சேரி முடிந்து ரசிகர்கள் விடாமல் கைதட்டியபோது ட்ராய்மெராயை வாசித்தார். அரங்கில் ஒருவர் கண்ணீர் வழிய உட்கார்ந்திருப்பதைப் பதிவில் இன்றும் பார்க்கலாம். தாய்மண்ணை விட்டுப் போனவர் அந்த மண்ணில் வாசித்ததால் அன்று அது தனியாக நின்றது. அந்தச் சூழல் எல்லா மேடைக்கும் வாய்க்காது. அதைப் பார்த்து ஒவ்வொரு பியானோ கலைஞரும் கச்சேரி இறுதியில் அதையே எடுத்துக் கொடுப்பதில் அர்த்தமில்லை.

முழு வரிசைக்கும் சுமார் இருபது நிமிடம்தான் ஆகும். ஒரு பெரிய சொனாட்டாவுக்குப் பக்கத்தில், நிகழ்ச்சியின் மையத்தில் வைத்து, துண்டுகளுக்கு நடுவே கைதட்டல் வேண்டாம் என்று நிரலில் அச்சிட்டு வாசிக்கலாம். ஹோரோவிட்ஸே அதற்கு முன்மாதிரி. 1987 ஜூன் 21 அன்று ஹாம்பர்கில் அவர் தன் கடைசிக் கச்சேரியை நடத்தினார். 83 வயதில் மோட்ஸார்ட்டுக்கும் ஷோபினுக்கும் நடுவே, கிண்டர்ஸேனனின் பதின்மூன்றையும் வாசித்தார்.