செம்புக் கம்பி கொடியைக் காப்பாத்தாது

1/ ஓடைப்பட்டி திராட்சை விவசாயிகளே, செம்புக் கம்பியைச் சுருட்டி நட்டா வெயிலோட சக்தியை இழுத்துக் கொடிக்கும் தண்ணிக்கும் கொடுக்கும்னு சுத்துற வீடியோவை நம்பாதீங்க. வெயிலைப் பிடிக்கிறது இலையில இருக்கிற பச்சையம். அதுல இருக்கிற உலோகம் மெக்னீசியம், செம்பு இல்ல.

2/ செம்புக்கு வேற வேலை இருக்கு. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை அடிச்சாம்பல் நோயைத் தடுக்கும்னு 1885-லயே பிரான்ஸ்ல மில்லார்டே சொல்லிட்டார். காரணம் சக்தி இல்ல. செம்பு பூஞ்சைக்கு விஷம்.

3/ நமக்கும்தான். இதை வருஷக்கணக்கா அடிச்ச போர்ச்சுகல் திராட்சைத் தொழிலாளர்களுக்கு நுரையீரல் கெட்டதை 1969-ல டாக்டர்கள் பதிவு பண்ணாங்க. மயில்துத்தத்தை முழுங்கினா ரத்த அணு உடையும், கிட்னி போகும்.

4/ அதனால கம்பிக்குப் போடுற காசுல கையுறையும் மாஸ்க்கும் வாங்குங்க. மயில்துத்தக் கரைசலைத் தண்ணி பாட்டில்ல ஊத்தி வைக்காதீங்க. வீட்டுல குழந்தைங்க இருக்காங்க.