பொளியும் அடிபொளியும்



சென்ற திங்கள், கரமனையில் வாழும் நம் நண்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த ஆச்சி, உளுந்தங்களி கிண்டிப் பேரனுக்கு அளித்தார். ஒரு வாய் உண்டதும் சிறுவன், "அடிபொளி, ஆச்சி!" என்று கூவினான். "யாரை அடிக்கணும்? எதைப் பொளியணும்?" என்று கேட்ட ஆச்சியின் முகம் வாடிற்று. 'மிக நன்று' என்பதே அதன் பொருள் என்று நாம் எடுத்துரைத்த பின்னரே அம்முகம் தெளிந்தது.

தமிழில் பொளிதல் என்பது உளியால் கொத்துதல். தேய்ந்து வழுவழுப்பாகிவிட்ட அம்மியைப் பொளிந்தாலன்றி அதில் எதுவும் அரைபடாது. மலையாளத்திலோ, சுவர் விழுந்தாலும் பொளிஞ்ஞு; வணிகம் நொடித்தாலும் பொளிஞ்ஞு; பொய் வெளிப்பட்டாலும், திரைப்படம் தோற்றாலும் பொளிஞ்ஞு. மனிதர் முனைந்து இடிப்பதும் பிரிப்பதும் பொளிக்கல். 2020 சனவரியில் கொச்சியை அடுத்த மரட்டில், உச்ச நீதிமன்ற ஆணைப்படி நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகளை வெடிவைத்துத் தகர்த்தபோது எங்கும் இச்சொல்லே ஒலித்தது. 2016-இல் திறந்து, பழுதுற்று 2019-இல் மூடப்பட்ட பாலாரிவட்டம் மேம்பாலத்தை 2020-இல் பிரித்தெடுத்தபோதும் அவ்வாறே. அப்பாலம் புதுப்பிக்கப்பெற்று 2021 மார்ச்சில் மீண்டும் திறக்கப்பட்டது.

நம்மை வாழவைக்கும் நாட்டின் மொழியைக் குறைகூறுவது நம் கருத்தன்று. நம் பிள்ளைகள் தமிழ் பேசும்போதும் இவ்வொரு சொல்லையே எல்லாவற்றிற்கும் வழங்குகின்றனரே என்பதுதான் கவலை. பானை உடையும், கண்ணாடி நொறுங்கும், சுவர் இடியும், ஆற்றங்கரை சரியும், மலர் உதிரும், பழந்துணி இற்றுப்போகும், கூட்டம் கலையும், குடும்பம் குலையும். கெடும் வகை ஒவ்வொன்றிற்கும் தமிழில் தனிச்சொல் உண்டு.

இவ்வேறுபாட்டின் அருமையைப் புகைவண்டி நிலையத்தில் பணிபுரியும் நாம் பட்டறிந்தோம். பீங்கான் கலங்கள் அடங்கிய பெட்டியைப் பெற வந்த தமிழ் இளைஞர் ஒருவர், "பெட்டி பொளிஞ்ஞு" என்றார். கலங்கள் உடைந்தன என்று கருதிய நாம், இழப்பீட்டுக்குரிய தாள்களை எழுதத் தொடங்கினோம். பின்னர்த் திறந்து பார்த்தால், ஒரு கலமும் உடையவில்லை. பெட்டியின் கட்டுத்தான் அவிழ்ந்திருந்தது. அரைநாள் வீணாயிற்று. 'அவிழ்ந்தது' என்னும் ஒரு சொல் அவர் நாவில் வந்திருந்தால் போதும்.

ஆகவே, பெற்றோர்களுக்கு ஒரு விண்ணப்பம். பிள்ளை வந்து 'பொளிஞ்ஞு' என்றால் கடிந்துகொள்ள வேண்டா. "உடைந்ததா, இடிந்ததா, இற்றதா, அவிழ்ந்ததா?" என்று மட்டும் கேளுங்கள். விடை சொல்லும்போதே சொல்லும் நாவில் பதியும். விடுமுறைக்கு ஊர் சென்று ஆச்சியின் அருகில் அமரும் நாளில், அவர்களுக்கு அச்சொற்கள் வேண்டியிருக்கும்.