பரணில் கிடக்கும் வாக்குவம் கிளீனருக்காக ஒரு வக்காலத்து

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே செய்தித்தாள்களில் எக்ஸ்சேஞ்ச் விளம்பரங்கள் முழுப் பக்கத்துக்கு வரத் தொடங்கிவிடுகின்றன. அன்றோடு மும்பையில் நம் வீட்டுப் பரண்களில் இருக்கும் பழைய வாக்குவம் கிளீனர்களுக்குக் கஷ்ட காலம் ஆரம்பம். "இழுக்க மாட்டேங்குது", "சத்தம் காதைப் பிளக்குது", "இதுக்கெல்லாம் இப்போ பார்ட்ஸ் கிடைக்காது" என்று மூன்று குற்றச்சாட்டுகளைப் படித்து, விசாரணை இல்லாமலே தண்டனையும் கொடுத்துவிடுகிறோம். சில நூறு ரூபாய் கழிவுக்காகக் கடைக்காரரிடமோ, எடைக்குப் பங்கார்வாலாவிடமோ போய்ச் சேர்கிறது மெஷின். அந்த மெஷின்களின் சார்பில் இங்கே கொஞ்சம் வாதாட விரும்புகிறேன். நான் ஓய்வு பெற்ற பிறகு தெரிந்தவர்கள் வீட்டு மெஷின்கள் பல என் கைக்கு வந்திருக்கின்றன. அவற்றில் பாதிக்கு மேல் பழுதே இல்லாதவை. பையைச் சுத்தம் செய்யாததும், குழாயில் எதுவோ சிக்கியிருந்ததும்தான் வியாதி.

இந்தச் சாமான் நம் வீடுகளுக்குள் எப்படி வந்தது என்பது ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். யுரேகா ஃபோர்ப்ஸ் கம்பெனி 1982-ல் தொடங்கப்பட்டது. டை கட்டிய இளைஞர்கள் வீடு வீடாக மணியடித்து யூரோகிளீன் விற்றார்கள். வேண்டாம் என்று சொல்வதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, நாம் தினமும் படுத்துத் தூங்கும் மெத்தையிலிருந்து ஒரு கைப்பிடித் தூசியை எடுத்து வெள்ளைத் துணியில் கொட்டிக் காட்டுவார்கள். வீட்டுக்கார அம்மாளின் முகம் போகும் போக்கைப் பார்க்கவேண்டுமே! அதன்பின் ரொக்கமா தவணையா என்பது ஒன்றுதான் பாக்கி. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் முலுண்டிலும் டோம்பிவிலியிலும் மாதச் சம்பளத்தில் ஊருக்கும் பணம் அனுப்பிக்கொண்டிருந்த குடும்பங்கள், யோசித்து யோசித்து வாங்கிய பொருள் அது.

ரயில்வேக்காரனுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். மும்பையின் முதல் மின்சார ரயில் 1925 பிப்ரவரி 3 அன்று விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லா வரை ஓடியது, 1500 வோல்ட் டி.சி. மின்சாரத்தில். அந்த டி.சி. முறை 2016 வரை இந்த ஊரில் இருந்தது. என் உத்தியோக காலத்தில் பெரும்பகுதி அந்த வண்டிகளின் டிராக்ஷன் மோட்டார்களோடு கழிந்தது. வாக்குவம் கிளீனருக்குள் இருப்பவர் அவருக்குத் தம்பி முறை. இரண்டிலும் ஆர்மேச்சரும் ஃபீல்டு காயிலும் சீரீஸில் இணைந்திருக்கும். இரண்டிலும் கம்யூட்டேட்டர் உண்டு, அதன்மேல் உரசிக்கொண்டு கார்பன் பிரஷ் உண்டு. அண்ணன் ஆயிரக்கணக்கான ஜனங்களை இழுப்பார். தம்பி நிமிடத்துக்கு 20,000 சுற்றுக்கு மேல் சுற்றித் தூசியை இழுப்பார். பிரஷ் தேய்வது, பேரிங் காய்வது, தூசியால் சூடேறுவது எல்லாம் இருவருக்கும் பொது. ஷெட்டில் எந்த மோட்டாரையும் "வயசாகிவிட்டது" என்று ஒதுக்கியதில்லை. கெடு தவறாமல் திறந்து பார்ப்போம், அளப்போம், அளவு தவறியதைத்தான் மாற்றுவோம். வீட்டுக்கு வந்தால் மட்டும் அளக்காமலே கழிக்கிற புத்தி நமக்கு எங்கிருந்து வந்தது?

ரயிலுக்கு இதில் இன்னொரு உறவும் உண்டு. ரயில் பெட்டி இருக்கைகளின் தூசியைக் காற்றடித்துக் கிளப்பும் கருவி ஒன்றைப் பார்த்த ஹியூபர்ட் செசில் பூத் என்ற ஆங்கிலேய என்ஜினீயர், ஊதுவதற்குப் பதில் உறிஞ்சினால் என்ன என்று யோசித்ததில் 1901-ல் பிறந்ததுதான் இந்த மெஷின்.

இனி வழக்குக்கு வருவோம். இழுக்கவில்லை, சத்தம் அதிகம் என்ற இரண்டும் பெரும்பாலும் ஒரே நோய். பை நிரம்பியதும் சத்தம் கீச்சென்று ஏறும். பாரம் தாங்காமல் மோட்டார் திணறுகிறது என்று வீட்டில் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. மோட்டாரின் வேலை காற்றை நகர்த்துவது. வழி அடைபட்டால் நகர்த்தக் காற்று இல்லை, சுமை குறைகிறது. சுமை குறைந்தால் வேகமெடுப்பது சீரீஸ் மோட்டாரின் பிறவிக் குணம். அந்த ஓலம் வேலை இல்லாதவன் போடும் கூச்சல். சரி, பாரம் இல்லையே, ஓடட்டும் என்று விடவும் முடியாது. நம் வீடுகளில் இருக்கும் பழைய உருளை வடிவ மெஷின்களில், பையில் வடிகட்டப்பட்ட அதே காற்றுதான் மோட்டாருக்குள் புகுந்து அதைக் குளிரவைத்துவிட்டுப் பின்பக்கமாக வெளியேறுகிறது. காற்று நின்றால் குளிர்ச்சியும் நின்றது. வைண்டிங்கின் வார்னிஷ் மெல்ல மெல்லக் கருகும். ஒருநாள் கருகல் வாடை வரும். "முப்பது வருஷம் உழைச்சுது பாவம்" என்பார்கள். உண்மையில் அதைக் கொன்றது கடைசி முப்பது நிமிடம்.

ஆகவே பை முக்கால் பாகம் ஆகும்வரை காத்திருக்காமல் பாதியிலேயே காலி செய்யுங்கள். உதறினால் மட்டும் போதாது. துணியின் கண்களில் நுண்தூசி அடைந்திருக்கும். உட்புறத்தை வெளியே திருப்பி, பழைய துணி பிரஷ்ஷால் மாடியிலோ முற்றத்திலோ தேய்த்துவிட வேண்டும். துவைக்கலாமா என்றால், மெஷினோடு வந்த புத்தகம் அனுமதித்தால் துவைக்கலாம். ஆனால் முழுதாகக் காயவேண்டும். மும்பை மழைக்காலத்தில் அந்தப் பேச்சே வேண்டாம். ஈரப் பையில் தூசி விழுந்தால் தோசை மாவு மாதிரி அப்பிக்கொள்ளும். பைக்குப் பின்னால், மோட்டாருக்கு முன்னால், ஒரு சிறிய ஸ்பாஞ்சோ ஃபெல்ட் துண்டோ பல மெஷின்களில் இருக்கிறது. அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் பல வருடம் ஓட்டியவர்கள் உண்டு. அதையும் எடுத்துத் தட்டுங்கள். பை கிழிந்துவிட்டது என்று பை இல்லாமல் ஒருநாள்கூட ஓட்டாதீர்கள்.

எதை இழுக்கக்கூடாது என்பதும் முக்கியம். வாசலில் போட்ட ரங்கோலிப் பொடி, பெயிண்ட் அடிப்பதற்கு முன் சுவரைத் தேய்த்த புட்டித் தூள், சிமெண்ட் ஆகியவை துணியின் கண்ணைவிட நுண்ணியவை. பையைத் தாண்டிப் போய்ப் பேரிங்கில் உட்காரும். பூஜை அறையில் சாம்பிராணிச் சாம்பலை இழுக்கும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. உள்ளே ஒரு கங்கு இருந்தால் போதும், பை நிறையப் பஞ்சும் தலைமுடியும் காத்திருக்கின்றன, காற்றும் தாராளம். தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இவை உலர்ந்த தூசிக்கு மட்டுமான மெஷின்கள்.

சுத்தம் செய்த பிறகும் இழுக்கவில்லையா? குழாயைக் கழற்றிவிட்டு, மெஷினின் வாயில் உள்ளங்கையை வையுங்கள். கையைப் பலமாகப் பிடித்து இழுத்தால் மோட்டாரும் ஃபேனும் நலம். பிறகு குழாயை மாட்டி அதன் நுனியில் கை வையுங்கள். அங்கே பலம் குறைந்திருந்தால் அடைப்போ ஓட்டையோ குழாயில். அடுத்து இரும்புப் பைப், கடைசியில் பிரஷ். எங்கே பலம் குறைகிறதோ அங்கே நோய். ஹேர்பின், பஸ் டிக்கெட், கொலு பொம்மையிலிருந்து உதிர்ந்த ஜரிகை, பேரனின் விளையாட்டு வண்டிச் சக்கரம் எல்லாம் எடுத்திருக்கிறேன். குழாய் பெரும்பாலும் கைப்பிடிக்குப் பக்கத்தில், மடங்குகிற இடத்தில்தான் கிழியும். கிழிந்த அரை அடியை வெட்டி எறிந்துவிட்டு மீதியைப் பொருத்தினால் பல வருடம் வரும். டேப் சுற்றுவது ஒரு வாரத்துக்கான வைத்தியம்.

மேலே சொன்ன எல்லாவற்றையும் யாரும் செய்யலாம், பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு. இனிமேல் சொல்வது ஸ்க்ரூ டிரைவர் பிடித்துப் பழகியவர்களுக்கு. சுவிட்ச் போட்டும் ஓடவில்லை, அல்லது தட்டினால் ஓடுகிறது என்றால், வயர் மெஷினுக்குள் நுழையும் இடத்தில் உள்ளே அறுந்திருக்கலாம். இல்லாவிட்டால் கார்பன் பிரஷ். பிரஷ் 8 மில்லிமீட்டருக்கும் கீழே தேய்ந்திருந்தால் மாற்றுங்கள், இரண்டையும் சேர்த்து. லோஹார் சாலில் பழைய பிரஷ்ஷைக் காட்டிக் கேட்டால் அதே அகலம், கனத்தில் தருவார்கள். நீளம் கொஞ்சம் கூடுதல் என்றால் தேய்த்துக்கொள்ளலாம். பிரஷ் அதன் கூட்டுக்குள் தடையில்லாமல் ஏறி இறங்கவேண்டும். கம்யூட்டேட்டர் கறுத்திருக்கிறதே என்று சிலர் எமரித் தாளால் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிடுகிறார்கள். ஷெட்டில் இதைச் செய்த அப்ரண்டிஸுக்கு அன்று முழுவதும் பாட்டு விழும். எமரித் துகள் செப்புப் பட்டைகளுக்கு இடையில் தங்கிவிடும். தவிர, சாக்லேட் நிறத்தில் ஒரு மெல்லிய படலம் இருப்பதுதான் ஆரோக்கியமான கம்யூட்டேட்டரின் லட்சணம். அதைச் சுரண்டக்கூடாது. நல்ல பருத்தித் துணியால் துடைத்தால் போதும். பிரஷ் மாற்றியபின் சிறு நீலப்பொறி தெரிந்தால் பயமில்லை. சுற்றிலும் நெருப்பு வளையம் போட்டால் உடனே நிறுத்துங்கள்.

பேரிங் போனால் கரகரவென்று அரைக்கும் சத்தம் வரும். பேரிங்கின் பக்கவாட்டில் எண் பொறித்திருக்கும். அந்த எண்ணைச் சொன்னால் எந்த பேரிங் கடையிலும் கிடைக்கும். கம்பெனி பெயரே தேவையில்லை.

"பார்ட்ஸ் கிடைக்காது" என்ற மூன்றாவது குற்றச்சாட்டுக்கு இதிலேயே பாதி பதில் இருக்கிறது. மீதிப் பாதியில்தான் எனக்குக் கோபம். பக்கத்துக் கட்டடத்து அம்மா ஒருவர் தன் மெஷினுக்கு ஒரு பை வேண்டுமென்று ஒரு கம்பெனியின் சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டார். கம்பெனி பெயர் வேண்டாம். வந்தவர் மூடியைக்கூடத் திறக்கவில்லை. "மேடம், இந்த மாடல் நின்னு போச்சு. புதுசு எடுத்துக்குங்க, எக்ஸ்சேஞ்ச் போட்டுத் தர்றேன்" என்று புத்தகத்தை விரித்தார். ஒரு துணிப் பை! கடைசியில் எங்கள் தெருத் தையல்காரர் பழைய பையை அளவுக்கு வைத்து, நெருக்கமாக நெய்த டிரில் துணியில் இரட்டை மடிப்பில் தைத்துக் கொடுத்தார். மெஷின் இன்றும் ஓடுகிறது.

இந்த நிலைமை விதியல்ல, வேறு இடங்களில் சட்டம் போட்டு மாற்றுகிறார்கள். ஐரோப்பிய யூனியனில் 2017 செப்டம்பர் முதல், வீட்டு வாக்குவம் கிளீனரின் மோட்டார் குறைந்தது 500 மணி நேரம் உழைக்கவேண்டும், குழாய் 40,000 முறை வளைத்தாலும் தாங்கவேண்டும் என்று விதி வந்தது. வாரம் ஒரு மணி நேரம் ஓட்டுகிற வீட்டுக்கு 500 மணி என்பது ஏறக்குறைய 10 வருடம். பிரான்சில் 2022 நவம்பர் முதல், பழுது பார்க்க எவ்வளவு சுலபம் என்பதற்கு மதிப்பெண் போட்டு, விற்கும் இடத்திலேயே காட்டவேண்டும் என்ற விதி வாக்குவம் கிளீனருக்கும் வந்தது. நம் மத்திய அரசின் நுகர்வோர் துறையும் 2022 ஜூலையில் பழுது பார்க்கும் உரிமைக்கென ஒரு குழுவை அமைத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் அதற்காக ஒரு இணையதளமும் திறந்தார்கள். நல்லது. ஆனால் கடையில் புது மெஷின் வாங்கும்போது "இதற்குப் பை எத்தனை வருடம் கிடைக்கும்? கார்பன் பிரஷ்ஷைத் தனியாகத் தருவீர்களா?" என்று நாம் கேட்கிறோமா? எத்தனை வாட், என்ன கலர், என்ன தள்ளுபடி என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். கேட்காத வாடிக்கையாளருக்கு எந்தக் கம்பெனியும் பார்ட்ஸ் அடுக்கி வைக்காது.

புதியவை எல்லாம் மோசம் என்பது என் கட்சியல்ல. பிரஷ்ஷே இல்லாத மோட்டார்கள் வந்துவிட்டன. நம் லோக்கல் ரயில்களிலும் இப்போது அப்படித்தான். எடை குறைவு, முட்டிவலிக்காரர்களுக்கு வசதி. வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால், நுண்தூசியை அறைக்கே திருப்பி விடும் பழைய துணிப் பையைவிட, ஹெப்பா ஃபில்டர் போட்ட புது மெஷின் நல்லது. அங்கே பழசைப் பிடித்துக்கொண்டு தொங்கவேண்டாம். ஆர்மேச்சர் கருகியதோ, கம்யூட்டேட்டர் பட்டை தூக்கிக்கொண்டதோ, உடம்பு விரிசல் விட்டு உள்பாகம் தெரிவதோ இருந்தாலும் கழித்துவிடலாம். ஆனால் பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வரும்போது வாங்கி வரும் வயரில்லாத மெஷினில், சில வருடத்தில் பாட்டரி ஓயும். அந்தப் பாட்டரி இங்கே கிடைக்குமா, என்ன விலை என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். பழையது அதுவரை பரணில் இருக்கட்டும்.

சங்கத்துக்கு ஒரு யோசனை. ஆம்ஸ்டர்டாமில் 2009-ல் தொடங்கிய பழுதுபார்க்கும் கூடம், அதாவது பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓரிடத்தில் கூடி ஒருவர் சாமானை இன்னொருவர் சரிசெய்து கொடுக்கும் ஏற்பாடு, பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. நம்மில் ரயில்வே, மில், தொழிற்சாலை, தொலைபேசித் துறை என்று கை வேலை தெரிந்து ஓய்வு பெற்றவர்களுக்குப் பஞ்சமில்லை. மாதம் ஒரு ஞாயிறு, சங்கத்துச் சிறிய ஹாலில் இரண்டு மேஜை, ஒரு மல்டிமீட்டர் போதும். என்ஜினீயரிங் படிக்கும் நம் பிள்ளைகளும் வந்து உட்காரலாம். கம்யூட்டேட்டரைப் புத்தகத்தில் பார்த்திருப்பார்கள், இங்கே தொட்டுப் பார்க்கட்டும். கமிட்டி சம்மதித்தால் முதல் மேஜைக்கு நான் வருகிறேன். மெஷின் கொண்டுவருபவர்கள் உடம்பை மட்டும் தூக்கி வராமல் குழாய், பைப், பிரஷ் எல்லாவற்றையும் சேர்த்தே கொண்டுவரவும். பையை வீட்டிலேயே காலி செய்துவிட்டு வந்தால், ஹாலைப் பெருக்குகிற அம்மா என்னைத் திட்டாமல் இருப்பார்.