சேர்வர் இரண்டு, சேமிப்பகம் ஒன்று: பாதுகாப்பு எங்கே?

டிஜிட்டல் அடையாள அட்டை பற்றிய நமது விவாதங்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றியே நடக்கின்றன: நமது தரவுகளை யார் பார்ப்பார்கள்? நியாயமான கேள்விதான். ஆனால் அந்தத் தரவுகள் ஒருநாள் இல்லாமலே போனால் என்ன செய்வது என்று கேட்பவர்கள் குறைவு. அப்படியொன்று இந்நாட்டில் ஏற்கனவே நடந்தும் இருக்கிறது.

2023 ஓகஸ்ட் 26ஆம் திகதி இலங்கை அரச கிளவுட் கட்டமைப்பு, கப்பம் கோரும் மென்பொருளின் தாக்குதலுக்கு உள்ளானது. அமைச்சரவை அலுவலகம் உட்பட அரச மின்னஞ்சலைப் பயன்படுத்திய சுமார் 5,000 கணக்குகள் பாதிக்கப்பட்டன. சேவை விரைவிலேயே மீண்டது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் மீளவில்லை. இணைப்பில் இருந்த காப்புப் பிரதியும் சேர்ந்தே பூட்டப்பட்டது. இணைப்பிலிருந்து பிரித்து வைத்த பிரதி அக்காலத்துக்கு இருக்கவில்லை. மின்னஞ்சல் ஓடியதோ காலாவதியான 2013ஆம் ஆண்டு மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் பதிப்பில்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். ஆசிரிய பயிலுநர்களிடம் காப்புப் பிரதி என்றால் என்னவென்று கேட்டால், 'இன்னொரு சேர்வர் இருக்கிறது' என்பார்கள். அலுவலகங்களில் அதிகாரிகளும் அதையே சொல்கிறார்கள். வழமையான அமைப்பு இதுதான்: இரண்டு சேர்வர்கள், இரண்டுக்கும் பொதுவாக ஒரு சேமிப்பகம். ஒன்று மற்றொன்றின் 'இதயத் துடிப்பை' நொடிக்கு நொடி கேட்டுக்கொண்டிருக்கும். துடிப்பு நின்றால் மற்றது வேலையைப் பொறுப்பேற்கும். இடையில் உள்ள கம்பி மட்டும் அறுந்தால், இரண்டுமே மற்றது இறந்துவிட்டதாக எண்ணி ஒரே வட்டில் எழுதித் தரவைக் குழப்பிவிடும் ஆபத்தும் உண்டு. அதனால் நல்ல வடிவமைப்பில் மூன்றாவது சாட்சி ஒன்று வைக்கப்படும்; சந்தேகத்துக்குரிய சேர்வரின் மின்சாரமே துண்டிக்கப்படும்.

அருமையான ஏற்பாடு. ஆனால் அது காப்பாற்றுவது சேவையை, தரவை அல்ல. பள்ளிவாசல் கிணற்றில் இரண்டு மோட்டார் பூட்டுவது போன்றது. ஒன்று பழுதானாலும் வுழூச் செய்யத் தண்ணீர் வரும். சுனாமிக்குப் பின் கிழக்குக் கரையோரக் கிணறுகள் உவர்ப்பாகியபோது எத்தனை மோட்டார் இருந்தும் என்ன பயன்? சேமிப்பகத்தில் ஒரு கோப்பு அழிக்கப்பட்டால், இரண்டு சேர்வரும் அதை ஒரே நேரத்தில் இழக்கும்.

பணக்கார நாடுகளும் இதில் தப்பவில்லை. 2025 செப்டெம்பர் 26 அன்று தென்கொரியாவின் டெஜியோன் நகரிலுள்ள அரச தரவு நிலையத்தில் லித்தியம் பற்றரிகளில் பிடித்த தீயால் 709 அரச சேவைகள் நின்றன. அரச ஊழியர்கள் கோப்புகளை வைத்திருந்த 'ஜி-டிரைவ்' சேமிப்பகம், 858 டெராபைட், எரிந்து போனது. கொள்ளளவு மிகப் பெரிது என்பதால் வெளியே பிரதி எடுக்கவில்லை என்று காரணம் சொல்லப்பட்டது. எனக்கு இது காரணமாகவே தெரியவில்லை. பெரிய வீடு என்பதற்காகக் கதவு போடாமல் விடுவோமா?

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம்மவர்களிடம் கேட்டுப் பாருங்கள். உறுதியும் பிறப்புச் சான்றிதழும் கைவிட்டுப்போனதால், சொந்த நிலத்தையே சொந்தமென்று நிரூபிக்க எத்தனை வருடங்கள் அலைந்தார்கள் என்று. கச்சேரியில் காகிதப் பிரதியாவது எஞ்சியிருக்கலாம் என்ற நம்பிக்கை அன்று இருந்தது. எல்லாமே கணினிக்குப் போன பின்?

ஆகவே நமது பாராளுமன்ற உறுப்பினர்கள் எத்தனை சேர்வர் என்று கேட்பதோடு நிற்கக்கூடாது. வேறொரு மாவட்டத்தில் பிரதி இருக்கிறதா? வலையமைப்பிலிருந்து பிரித்து வைத்த ஒரு பிரதியாவது உண்டா? அந்தப் பிரதியிலிருந்து முழுத் தரவையும் மீட்டுப் பார்த்தது கடைசியாக எந்தத் திகதியில்? மூன்றாவது கேள்விக்கு ஒரு திகதிதான் பதிலாக வர வேண்டும். 'ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது' என்பது பதிலல்ல.